சனிக்கிழமைப் பாட்டுக்கு மகேஸ்வரி வந்த கதை

முதலில் கேட்டது காப்புச் சத்தம். நான் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் யாரோ கலியாணவீட்டுக்கு இறங்கி வருகிற மாதிரிக் கிலுக் கிலுக் என்றது. நிமிர்ந்து பார்த்தால், என் மனைவி மகேஸ்வரி.

அரக்கு நிறக் காஞ்சிபுரம். உள்ளங்கை அகலத்துக்குச் சரிகைக் கரை. கழுத்தில் பதக்கச் சங்கிலி. கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம். வெளியே வேலி ஓரத்தில் ஊத்தைப் பனி இன்னும் கரையாமல் கிடக்கிறது. இவள் கொடியேற்றத்துக்குப் போகிற மாதிரி நிற்கிறாள்.

"என்னப்பா இது கோலம்?" என்றேன்.

"ஏன்? கச்சேரிக்கெண்டுதானே சொன்னனீங்கள்?"

சொன்னேன்தான். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டால் 'கச்சேரிக்கு' என்றுதான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன். வேறு என்ன சொல்ல? நாங்கள் போக இருந்தது டன்ஃபோர்த் ரோட்டில் இருக்கிற ஒரு பழைய தவறணைக்கு, அதாவது பாருக்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே வெள்ளைக்காரரின் நாட்டுப்பாட்டு நடக்கும். கன்றி மியூசிக். சுவரில் ஒரு மான்தலை தொங்கும். நிலத்தில் கால் வைத்தால் பலாப்பால் மாதிரி ஒட்டும். வருகிறவர்கள் ஜீன்ஸும் கட்டம்போட்ட சட்டையுமாக வருவார்கள்.

"வேறை சீலை ஏதும்..." என்று தொடங்கினேன். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினேன்.

"வடிவாயிருக்கு," என்றேன்.

அன்றைக்கு அவளோடு கொளுவுகிற நிலையில் நான் இல்லை. என் சனிக்கிழமைகள் எல்லாம் அவளுடைய கையில் இருந்தன.

சின்னராசா அண்ணை பார்த்துவிட்டார்

வெக்ஸ்போர்ட்டில் சின்னராசா அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். ஊர் வம்பும் புதினமும் காவுவதில் அவரை வெல்ல ரொறன்ரோவில் ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், என் வான் அந்தத் தவறணை வாசலில் நிற்பதை அவர் கண்டுவிட்டார். வானின் பக்கத்தில் என் பெயரும், வீடுகளுக்கு உள்சுவர்ப் பலகை அடிக்கிற என் ட்றைவோல் கொம்பனிப் பெயரும் ஓராள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். ஸ்காபரோவில் நான் சுவர் அடிக்காத தெரு இல்லை, பெயரைச் சின்னதாக எழுத எனக்கென்ன வெட்கமா?

அவர் தன்னுடைய மனிசிக்குச் சொல்ல, அவ கோயில் மண்டபத்தில் என் மனிசியிடம் கேட்டிருக்கிறா: "உங்கடை அவர் திரும்பவும் தொடங்கிட்டாரோ?"

எனக்கு நெஞ்சு இரத்தக் குழாய்க்குள் ஸ்ரென்ற் வைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. குடி ஒரு சொட்டும் கூடாது, உப்பைக் குறை என்று டொக்ரர் சொல்லியிருந்தார். நான் அதைக் கடைப்பிடித்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அதிசயப்பட்டார்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு என்னிடம். ஆனால் யார் நம்புவது?

பிக்கரிங்கில் இருக்கிற மூத்த மகள் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, சீரியஸ்லி? பாருக்கோ போறீங்கள்?"

"பாட்டுக் கேக்கப் போறனான், பிள்ளை."

"என்ன பாட்டு?"

"கன்றி."

சிரித்தாள். "அப்பா, நீங்கள் பியர் குடிக்கிறனெண்டு சொன்னாலே நான் நம்பியிருப்பன்."

மகேஸ்வரி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டால் நான் சமாளிப்பேன். அன்று இரவுச் சாப்பாட்டைப் போட்டுத் தந்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"ஒருநாள் நானும் வாறன். என்ரை கண்ணாலை பாக்கவேணும். எனக்குச் சரியாப் படேல்லையெண்டால் அதோடை விடவேணும்."

"விடுறன்."

"சும்மா சொல்லாதையுங்கோ. சுவாமி அறைக்கு வாங்கோ."

கற்பூரம் கொளுத்தி அடித்துச் சத்தியம் பண்ணினேன். நான் சொல்லுக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவள் கேட்டதில் பிழையும் இல்லை. எனக்கு நெஞ்சு நின்றுபோகப் பார்த்த அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடியே கிடந்தவள் அவள். நேர்ஸ் வந்து போர்வை போர்த்திவிட்டாலும் கண் மூடவில்லையாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது, நான் மயக்கத்தில் இருந்தேன். பிறகு மகள்தான் சொன்னாள்.

எனக்கு இங்கிலிஷ் படிப்பித்தவர்கள்

வாசகர்கள் கேட்கக்கூடும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட உனக்கு இந்தப் பாட்டு எங்கேயிருந்து ஒட்டியது என்று. சொல்கிறேன். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற ஆட்களில் பல்கலைக்கழகத்துப் படி மிதிக்காதவன் நான் ஒருவன்தான். ஆனால் இந்த விசயத்தில் என்னோடு கதைக்க ஒரு பேராசிரியரும் காணாது.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் செய்த வேலை கோப்பை கழுவுவது. அதுவும் ஒரு தவறணைச் சமையலறையில். தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. பரிமாறுகிற பெண் தட்டோடு உள்ளே வரும்போது கதவு திறக்கும், பாட்டு ஒரு வாய் உள்ளே வரும். கதவு மூடும், பாட்டுப் போய்விடும். இப்படித் துண்டு துண்டாகத்தான் நான் முதலில் கேட்டேன்.

ஒருநாள் அந்தக் கதவுக்குள்ளால் ஒரு சத்தம் வந்தது. நான் கையில் பிடித்த சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கிக்கொண்டு போவாரே, அந்த இழுவை. யாரோ அழத் தொடங்கி, அழாமல் அடக்கிக்கொள்கிற மாதிரி. இங்கே எவன் நாதஸ்வரம் வாசிக்கிறான் என்று சவர்க்காரக் கையோடு எட்டிப் பார்த்தேன். ஒரு தொப்பிக்கார வெள்ளைக்காரன், தகரமேசை மாதிரி ஒன்றுக்கு முன்னால் கதிரையில் இருக்கிறான். மேசைக்கு மேலே கம்பிகள். ஒரு இரும்புத் துண்டை அந்தக் கம்பிகளுக்கு மேலே அரக்கி அரக்கி விடுகிறான். ஸ்ரீல் கிற்றார் என்று பெயர். அது பிறகுதான் தெரியும்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

பிறகு நான் போகாத இடம் இல்லை. தேவாலயத்து நிலக்கீழ் மண்டபங்களில் மடக்குக் கதிரையில் இருந்து கேட்டிருக்கிறேன். பழைய இராணுவக்காரரின் மண்டபங்களில் கேட்டிருக்கிறேன். கோடையில் வடக்கே போய், நுளம்பு கடிக்கக் கடிக்க, வைக்கோல் கட்டுக்கு மேல் இருந்து பிடில்காரரையும் பான்ஜோக்காரரையும் கேட்டிருக்கிறேன். பாட்டுக்காரர்கள் மாறுவார்கள், கேட்க வருகிற முகங்கள் மாறும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கறுத்தத் தலை என்னுடையது மட்டும்தான். இப்போது அது வெள்ளைத் தலை, கூட்டத்தோடு சேர்ந்துபோனது.

இங்கிலிஷும் அங்கேதான் படித்தேன். முதல் வருடம் எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுக்க ரயில், மழை, விஸ்கி, அம்மா, பிரிவு. அதற்கு வெளியே ஒரு சொல் தெரியாது. ட்றைவோல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பிந்திப் போனேன். வேலையை மேய்க்கிற போமன் மணிக்கூட்டைக் காட்டி ஏன் என்று கேட்டான். பஸ் வரவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: "மை ஹார்ட் இஸ் புரோக்கன்." அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தோளில் தட்டி, தன்னுடைய கோப்பியில் பாதியை ஊற்றித் தந்தான். இன்றைக்கும் சொல்கிறேன், பஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஏச்சுப்பேச்சுத்தான் கிடைத்திருக்கும்.

கேட்கிறதுக்கும் ஒரு முறை இருக்கிறது. பாட்டின் நடுவில் ஸ்ரீல் கிற்றார்க்காரன் தனியாக ஒரு சுற்று வாசிப்பான். அது முடிந்ததும் சனம் கைதட்டும். புதிதாக வந்தவன் பாட்டு முடிந்தது என்று நினைத்து எழும்பிவிடுவான். அனுபவசாலி எழும்பமாட்டான். பாட்டுக்காரி திரும்பவும் தொடங்குவா என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தவறணையில் எத்தனையோ பேரைச் சட்டையில் பிடித்துத் திரும்பவும் கதிரையில் இருத்தியவன் நான்.

மூலை மேசை

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

மோர்னிங்சைட்டிலிருந்து இறங்கி வரும்போது மகேஸ்வரி, நான் அவளுடைய மடியில் வைத்துவிட்ட பையைத் தட்டிப் பார்த்தாள்.

"உதுக்குள்ளை என்ன?"

"பொன்னாடை."

எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் ஒரு அலுமாரி நிறைய வீட்டில் இருக்கின்றன. விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், கோயில், ஒன்று விடாமல். எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் என்று கேட்கவேண்டாம், மண்டபத்துக்குச் சுவர் அடித்துக் கொடுத்தேன், போர்த்தினார்கள். அதில் ஆகத் திறமானதை எடுத்துவந்திருந்தேன். சிவப்பு, இரண்டு பக்கமும் தங்கக் கரை.

"ஆருக்கு?"

"பாடுற மனிசிக்கு. டொறீன் எண்டு பேர். நீர்தான் போத்திவிடவேணும். பொம்பிளைக்குப் பொம்பிளைதானே போத்துறது."

"முன்பின் தெரியாத மனிசிக்கு நானோ?"

"கலைஞரைக் கௌரவிக்கிறது எங்கடை பண்பாடு. உங்கை உவையளுக்கு உது தெரியாது. நாங்கள்தான் காட்டவேணும்."

அவள் பையின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

என் கணக்கு இதுதான்: அவள் மேடைக்கு ஏறவேண்டும், எல்லோரும் கைதட்டவேண்டும், என் மனிசிக்கு அந்த இடம் பிடித்துவிடவேண்டும்.

வாசல் காவலுக்கு இருக்கிற பில் ஒரு மலை. யாருக்கும் எழும்பாதவன். மகேஸ்வரியின் சீலையைக் கண்டதும் எழும்பித் தொப்பியைக் கழற்றினான். "ஹலோ, மிஸிஸ் கென்." அங்கே எனக்குப் பெயர் கென். கணேசலிங்கத்தைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையாது.

மூலை மேசையில் இருந்தோம். சீலை நிலத்தில் படாமல் அவள் முன்மடிப்புக் கொய்யகத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரிமாறுகிற கேரல் வந்தா. வயது என்னளவு இருக்கும், காதில் இறகுத் தோடு.

"ஹாய், ஹனி!" என்று என் தோளில் கை வைத்தா.

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னவ?"

"அது... தேன் எண்டு."

"அது எனக்கும் விளங்கினது."

"அவ எல்லாரையும் அப்பிடித்தானப்பா கூப்பிடுறவ."

கடவுள் காப்பாற்றினார். கேரல் அடுத்ததாக அவளைப் பார்த்துத்தான் சொன்னா. "ஓ ஹனி, யூ லுக் கோர்ஜஸ்!" சரிகைக் கரையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தா. மகேஸ்வரி முந்தானையைக் கொஞ்சம் விரித்துவிட்டதை நான் கண்டேன்.

கேட்காமலே எனக்கு முன்னால் ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சிச் சோடா வந்தது. மேலே செரிப் பழம் போட்டு, வழக்கம்போல. மகேஸ்வரி கிளாஸை எடுத்தாள். மணந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். திரும்ப வைத்தாள். அதற்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பொரியல் வந்தது. "நோ சோல்ற், கென். உன் நெஞ்சுக்கு," என்றா கேரல். மகேஸ்வரி ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். உண்மையாகவே உப்பில்லை.

"இவவுக்கு ஆர் சொன்னது?"

"நான் ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரம் ஏன் ஆளைக் காணேல்லையெண்டு கேட்டவையாம். பிறகு சொன்னனான்."

அவள் மிச்சத் துண்டையும் வாயில் போட்டாள். பாதிச் சோதனை பாஸ் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

பொன்னாடை

டொறீன் மேடைக்கு வந்தா. மேடை என்று சொன்னாலும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்தான். எழுபதைத் தாண்டிய மனிசி. வெள்ளைத் தலைமயிரைப் பின்னியிருப்பா. கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு நின்றால் கிற்றார் அவவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் சுவர் கேட்கும்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. மகேஸ்வரியைப் பார்த்தேன். முதல் பாட்டுக்குப் புருவம் கொஞ்சம் ஏறியது. நல்லதுக்கா, கெட்டதுக்கா? இரண்டாம் பாட்டுக்குக் கன்னத்தில் கை வைத்தாள். அலுப்பா, ரசிப்பா? கால் தாளம் போடுகிறதா என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சீலை மூடியிருந்தது, தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சொண்டு அசைந்தது. பாடுகிறாளா, என்னைத் திட்டுகிறாளா? எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு டொறீன் மைக்கில் ஏதோ சொல்லி, மெல்லிசாக ஒரு பாட்டுத் தொடங்கினா. செத்துப்போன தன்னுடைய தமையனுக்காக அவவே எழுதிய பாட்டு. நான் பலமுறை கேட்ட பாட்டு. அதற்கு அந்தத் தவறணையில் ஒருவரும் கிளாஸைக்கூடச் சத்தமாக வைக்கமாட்டார்கள்.

கைதட்டல் கேட்டது.

இதுதான் நேரம் என்று எழும்பினேன். பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மகேஸ்வரியின் கையில் வைத்தேன். மற்றக் கையைப் பிடித்தேன்.

"வாரும்."

அவள் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். எழும்பினாள். மேசைகளுக்கு நடுவால் நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். காப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. நேரே மேடை. அவள் எத்தனையோ பேருக்குப் போர்த்திப் பழகியவள். பொன்னாடையை விரித்து, முன்பக்கத்தால் கொண்டுபோய், இரண்டு தோளையும் சேர்த்துப் போர்த்தினாள்.

பொன்னாடை கிற்றாரின் மேல் விழுந்தது. கம்பிகள் பொத்தென்று அடங்கின. மைக் தடி சரிந்து ணங் என்றது. அப்போதுதான் எனக்குக் காது திறந்தது. பின்னால் பேஸ் கிற்றார்க்காரன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடியவில்லை. ஸ்ரீல் கிற்றார்க்காரனின் சுற்றுக்குத்தான் சனம் கைதட்டியிருக்கிறது. பாட்டு நட்டநடுவில் நின்றது, அதுவும் செத்த தமையனின் பாட்டு.

பேஸ்காரனும் நிறுத்தினான். பில் வாசலிலிருந்து இரண்டடி முன்னுக்கு வந்தான். பின்மேசையில் ஒருவன் சிரித்தான், யாரோ அவனை உஸ் என்று அடக்கினார்கள். அந்தப் பொன்னாடைக்குள்ளேயே என் சனிக்கிழமைகளையும் சுருட்டிக் கட்டியாயிற்று என்று நினைத்தேன்.

டொறீன் கோபப்படவில்லை. தோளில் கிடந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, மகேஸ்வரியைப் பார்த்தா.

"வாட்ஸ் திஸ், டார்லிங்?"

நான் வாயைத் திறந்தேன். கொன்றாக்ற் கதைத்து எத்தனையோ பெரிய ஆட்களை மடக்கியவன் நான். திறந்த வாயோடு மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன்.

மகேஸ்வரிதான் சொன்னாள். ரொட்டி செய்கிற பாண் பக்ரறியில் வருடக்கணக்காக வேலை செய்த இங்கிலிஷ் அது, ஆடம்பரம் இல்லாதது. "ஹொனர். போர் யூ. அவர் கஸ்ரம்." உங்களுக்கு மரியாதை, எங்கள் வழக்கம் என்கிறாள். பிறகு என்னை விரலால் காட்டினாள். "சோங் நொற் பினிஷ். மை ஹஸ்பண்ட் ஹறி."

தவறணை முழுக்க வெடித்துச் சிரித்தது. என் புருசன் அவசரப்பட்டுவிட்டான் என்று எந்த நாட்டுப் பெண் சொன்னாலும் எல்லோருக்கும் விளங்கும்போல.

ஆனால் அவள் இறங்கி வரவில்லை. பொன்னாடையை எடுத்தாள். நீளப்பாட்டுக்கு மடித்து, கொய்யகம் பிடிக்கிற மாதிரி விரல்களுக்குள் மடிப்பு மடிப்பாக அடுக்கினாள். கிற்றார்ப் பட்டி கிடந்த தோளை விட்டு மற்றத் தோளில் அதைச் சார்த்தி, மிச்சத்தை முதுகுப் பக்கம் விழவிட்டாள். காப்பில் எப்போதும் கொழுவியிருக்கும் சேப்ரி பின் ஒன்றைக் கழற்றினாள். டொறீனின் ஜீன்ஸ் சட்டைத் தோளில் ஊசி மனிசிக்குக் குத்திவிடாமல் உள்ளே தன் விரலைக் கொடுத்துக் குத்தினாள். இழுத்துப் பார்த்தாள். மூத்தவள் சின்னப் பிள்ளையாக நாட்டிய வகுப்புக்குப் போகும்போது மகேஸ்வரி இப்படித்தான் அவளுக்கும் இழுத்துப் பார்ப்பாள். டொறீன் அசையாமல் நின்றா. அந்த வயதில் அவவுக்கு யாரும் உடுப்புச் சரிபண்ணிவிட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ. கண் நிறைந்துபோய் நின்றா.

கடைசியாக மகேஸ்வரி மைக் தடியை நிமிர்த்தி வைத்தாள். "நவ் சிங்," என்றாள்.

டொறீன் பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னா. அந்தப் பாட்டை முதல் அடியிலிருந்து திரும்பவும் தொடங்கினார்கள். முதுகில் தங்கக் கரை மின்ன மின்ன அவ பாடினா.

இடைவேளையில் எங்கள் மேசைக்கு வந்து பொன்னாடையைத் திருப்பித் தரப் பார்த்தா. மகேஸ்வரி தலையாட்டி மறுத்தாள். அது அவவுக்குத்தான் என்று விளங்கியதும் டொறீன் கேட்டா, மெஷினில் தோய்க்கலாமா என்று.

"நோ மெஷின்!" என்றாள் மகேஸ்வரி, சீறிக்கொண்டு. "ஒன்லி ஹான்ட்."

டொறீன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினா.

தீர்ப்பு

வீட்டுக்கு வரும்போது கிங்ஸ்டன் ரோட்டில் வெயில் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, பின்பார்க்கும் கண்ணாடியால் கண்ணுக்குள் அடித்தது. அவள் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கதைக்காமல் ஓட்டிய நீளமான தூரம் அதுவாகத்தான் இருக்கும்.

லோறன்ஸ் சந்தியில் சிவப்பு விழுந்தது. பொறுக்கமுடியவில்லை.

"என்னப்பா, சொல்லுமன்."

"போங்கோ," என்றாள்.

"எங்கை?"

"சனிக்கிழமையிலை. போங்கோ. உப்பில்லாமல் தருகினம், பழம் போட்டுத் தருகினம். எனக்கென்ன?"

எனக்கு ஸ்ரியறிங்கை விட்டுவிட்டுக் கும்பிடவேண்டும் போல இருந்தது. "அப்ப வாற சனி ரெண்டு பேருமாப் போவம்."

"நான் வரேல்லை."

"ஏன்? பிடிக்கேல்லையோ?"

"அந்த மனிசி நல்லாப் பாடுறா. நீங்கள்தான் கேக்கேல்லை." அவள் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "இண்டைக்கு ஒரு பாட்டும் நீங்கள் கேக்கேல்லை. முழுக்க என்ரை முகத்தைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். கேட்டிருந்தால் அவ பாடி முடிக்கேல்லையெண்டு தெரிஞ்சிருக்கும். எனக்கே தெரிஞ்சது."

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். நான் ஓட்டவில்லை.

"தெரிஞ்சதோ? அப்ப ஏன் எழும்பி வந்தனீர்?"

"கையைப் பிடிச்சுக் கூப்பிட்டனீங்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் வரமாட்டனெண்டு கையை இழுக்கிறதோ?" என்றாள். "காரை எடுங்கோ, அவன் கத்துறான்."

எடுத்தேன்.

அடுத்த சனி நான் தனியப் போனேன். பில் கேட்டான், கேரல் கேட்டா, டொறீன் மைக்கிலேயே கேட்டா, எங்கே மிஸிஸ் கென் என்று. பொன்னாடையை அதே தோளில், அதே மாதிரிக் குத்திக்கொண்டு நின்றா. நான் கண்ணை மூடிக் கேட்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்காக அவ்வளவு செய்த மனிசி வீட்டில் தனிய இருக்கிறாள், நான் இங்கே பழம் போட்டுக் குடித்துக்கொண்டு இருக்கிறேன் என்று மனம் அரித்தது. சில பாட்டோடு எழும்பிவிட்டேன். வழியில் கடையில் அவளுக்குப் பிடித்த கேக்கும் வாங்கினேன்.

கதவைத் திறந்தால், மகேஸ்வரி என் சாய்மனைக் கதிரையில். கொண்டையை அவிழ்த்துவிட்டு, காலை ஸ்ரூலில் நீட்டி, ரீவி நாடகத்தை வீடு அதிரப் போட்டிருந்தாள். மடியில் மிக்சர் பக்கற். என் நெஞ்சு நோய்க்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் உப்புப் போட்ட மிக்சர் வந்ததை நான் காணவில்லை. பக்கற்றில் பாதி முடிந்திருந்தது.

"ஏன் வந்தனீங்கள்?" என்று திடுக்கிட்டு எழும்பினாள். "நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. நீர் தனிய இருக்கிறீர் எண்டு..."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பிறகு திரும்பவும் சாய்ந்தாள்.

"தனிய இருக்கத்தானே நான் ஆறு நாளும் காத்துக்கொண்டிருக்கிறனான்," என்றாள். "அண்டைக்கு நான் பாத்து வர வெளிக்கிட்டது நீங்கள் அங்கை சாகப்போறியளோ எண்ட பயத்திலை. நீங்கள் நல்லாத்தான் இருக்கிறியள். சனிப் பின்னேரம் எனக்கும் வேணும். போங்கோ, போய் இருந்து கேட்டிட்டு வாங்கோ. கேக்கை வைச்சிட்டுப் போங்கோ."

வைத்துவிட்டுப் போனேன். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. கேரல் ஒன்றும் கேட்காமல் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தா. டொறீன் அன்றைக்குப் பாடிய மிச்சம் அவ்வளவையும் கேட்டேன். ஒரு பாட்டையும் விடாமல், ஒவ்வொன்றையும் அது முடியும்வரை கேட்டேன்.